கழற்றிய லைனில் வந்த கேதம்

கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து போன் லைன் கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் பழைய போனில் சிகப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மருது அதைக் கவனிக்கவில்லை. புது போன் சிஸ்டத்தை மாட்ட வந்தவன், வேலை முடிந்த சந்தோஷத்தில் ஸ்குரூ டிரைவர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். திருநகரில் இருந்த அந்த விதைக் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. கம்ப்யூட்டர், போன் இரண்டையும் கவனிக்கிற செல்வக்குமார் மட்டும் கூட இருந்தான்.

"புது சாப்ட்வேர் இந்தப் பழைய ஐஎஸ்டிஎன் லைன் கார்டைச் சீண்டவே மாட்டேங்குதுண்ணே. செஞ்ச கம்பெனியே கைகழுவிட்டாக. இனிமே எல்லாக் காலும் இன்டர்நெட்லதான்."

"அந்த லைனு?"

"அதைத்தான் போன வாரமே சரண்டர் பண்ணியாச்சே. அந்தப் பக்கம் யாருமே இல்லண்ணே. நான் வாரேன்."

மருதுவின் பைக் சத்தம் மெயின் ரோட்டில் கரைந்தபின், விதைக்குப் பூசும் மருந்தின் காட்டமும் பழைய பெட்டிக்குள் வருஷக்கணக்காக வெந்துகிடந்த தூசியின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏற, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் மெல்ல நீண்டு போனின் காலடிவரை வருவதைப் பார்த்துக்கொண்டே செல்வக்குமார் உட்கார்ந்திருந்தான். தை மாதம் அம்மா போனதிலிருந்தே அவன் இப்படித்தான். அன்றைக்கு நில் என்றார்கள், நின்றான். மொட்டை போடு என்றார்கள், தலையைக் கொடுத்தான். கொள்ளி வை என்றார்கள், வைத்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது எழுமலையில் வாக்கப்பட்ட தங்கச்சி திவ்யா ஒருத்திதான். தினமும் அவள் போன் செய்து அதட்டுவதால்தான் அவன் ஏதோ ரெண்டு வாய் சாப்பிட்டான்.

போனுக்குக் கரண்ட் வருகிறது, விளக்கு எரிந்தால் எரியட்டும் என்று விடலாம்தான். ஆனால் லைனில் ஆள் இருந்தால்தானே அந்தச் சிகப்பு வரும்? குனிந்து பார்த்தான். வயர் மேசைக்கடியில் தொங்கியது. முனை எதிலும் சொருகியிருக்கவில்லை.

ரிசீவரை எடுத்தான்.

கொட்டுச் சத்தம். அதற்கு அடியில் பெண்கள் கூட்டமாக அழுவது. யாரோ இரும்பு நாற்காலிகளை வண்டியிலிருந்து தடதடவென்று இறக்கினார்கள்.

"செல்வக்குமாரா?" வயசான ஆம்பளைக் குரல்.

"ஆமா."

"எழுமலையிலருந்து பேசுறேன்ப்பா. ஒரு கேதம். உன் தங்கச்சி தவறிருச்சு."

சாவுச் செய்திக்கு இந்தப் பக்கம் கேதம் என்று பெயர். கேதம் கேட்டவன் வாயில் அடுத்து வருவது ஒரே கேள்விதான். யோசித்துக் கேட்பதில்லை, பழக்கம். அவன் வாயும் கேட்டுவிட்டது.

"எப்ப எடுக்குறீக?"

"பொறந்த வீட்டு ஆளு நீ ஒருத்தன்தானப்பா. நீ வந்ததும் எடுத்துருவோம்."

ரிசீவரை மேசையில் வைத்தான். நெஞ்சில் எதுவுமே அசையவில்லை. தங்கச்சி செத்துவிட்டாள் என்கிறார்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே! அதுதான் அவனை முதலில் பயமுறுத்தியது. பிறகுதான் செல்போனை எடுக்கத் தோன்றியது.

"என்னண்ணே?" என்றாள் திவ்யா.

அப்பாடா! போன உசிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒண்ணுமில்ல ஆத்தா. என்ன செய்யிற?"

"வெளிய ஒரே சத்தம்ண்ணே. நம்ம வாசல்ல பந்தல் போடுறாக. யாரு சொன்னான்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாக. இவரும் ஊர்ல இல்ல. இரு, கேட்டுட்டு வாரேன்."

"போகாத! கதவப் பூட்டு!"

அவள் போய்விட்டாள். செல்போனில் கொட்டு ஆரம்பித்தது. மேசையில் கிடந்த ரிசீவரிலும் அதே கொட்டு. ரிசீவரில் ஒவ்வொரு அடியும் முதலில் விழுந்தது. அப்புறம்தான் செல்போனில் விழுந்தது.

செல்போன் கட்டானது.

ரிசீவரைப் பிடுங்கினான். "யோவ்! அவ உசிரோடதான்யா இருக்கா. இப்பத்தான் பேசுனேன்!"

"தெரியும்ப்பா," என்றது அந்தக் குரல், தன்மையாக. "குளிப்பாட்டையிலகூடப் பேசிக்கிட்டேதான் இருந்துச்சு."

அவள் நம்பருக்கு அடித்தான். மணி போனது, எடுக்கவில்லை. அவள் பக்கத்து வீட்டு நல்லகாமனுக்கு அடித்தான். எடுக்கவில்லை.

போகக் கூடாது. அது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. பிறந்த வீட்டு ஆள் வராமல் எடுக்க மாட்டார்கள். போகாவிட்டால் அவள் பிழைத்துக் கிடப்பாள். ஆனால் கூடப் பிறந்தவளை எவன் கையிலோ விட்டுவிட்டு எந்த அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்?

வண்டியை எடுத்தான். திருமங்கலம் போனது. உசிலம்பட்டி ரோடு. பருத்திக் காடு. சாயங்கால வெயில். மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. எழுமலை.

தெரு நிறையப் பந்தல். பந்தல் நிறைய ஆட்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அவன் வண்டியை விட்டு இறங்கியதும் கொட்டு நின்றது.

வாசலில் நாற்காலியில் திவ்யாவை உட்கார வைத்திருந்தார்கள். ஈரத் தலை சொட்டியது. நெற்றியில் காசு. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி.

கண் திறந்திருந்தது. அவனைப் பார்த்தது. கண்ணீர் வழிந்தது.

"ண்ணே…"

"அண்ணன் வந்தாச்சு," என்றார் ஒரு பெரியவர். அதே குரல். "எடுங்கப்பா."

கத்த நினைத்தான். கட்டை அவிழ்க்க ஓட நினைத்தான். கால் வரவில்லை.

"தம்பி, நீ தலைமாட்டுப் பக்கம் புடி."

போனான். பிடித்தான்.

தூக்கினார்கள். அவள் உடம்பு சுட்டது. போர்த்திய துணிக்குள்ளிருந்து கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக. நகம் பதிய.

பெரியவர் பக்கத்தில் வந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.