தாய்த்தோல்

ஒன்பது நாளாக இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்த தோலைச் சுற்றி, பத்தாம் நாள் காலை கட்டை அவிழ்த்தபோது, மையால் கீறினாற்போல ஒரு மெல்லிய கறுத்த கோடு கிடந்தது. ஊறவைத்த நெல் புளித்துப்போன மணமும் வந்தது.

கிளிநொச்சிக் குடியேற்றத்தில் நெல் அவித்த கிடாரம் சரிந்து, ஏழு வயது நேசமலரின் முதுகு முழுவதும் வெந்துபோயிருந்தது. ஆசுப்பத்திரியில் தாய் அன்னபாக்கியத்தின் தொடைத் தோலை எடுத்து அதை மூடியிருந்தார்கள்.

"உங்கட தோல் பிறத்தியெண்டு பிள்ளையின்ர உடம்பு கண்டுபிடிச்சிட்டுதம்மா," என்றார் டொக்டர். "முதல்தரம் அதுக்குக் கொஞ்ச நாள் எடுக்கும். இனி வேற ஆளின்ர தோல் வைச்சால் இன்னுமொரு பத்து நாள் கிடைக்கும். அதுக்குள்ள காயம் ஆறத் தொடங்கும்."

"என்ரயை உரியுங்கோவன்," என்றான் அன்னபாக்கியத்தின் தம்பி வீரகத்தி.

"உன்ர முதலைத் தோலையோ? பிள்ளை பிறகு குளத்துக்கை போய்ப் படுக்கும்." அன்னபாக்கியம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் பெத்தது, ஐயா. என்ர மற்றத் தொடையில எடுங்கோ."

"ஒருக்கா அறிஞ்ச ஆளை உடம்பு மறக்காதம்மா."

"பெத்தவளைப் பிள்ளை தள்ளுமோ?"

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வேறெவரின் தோலுக்கும் அவள் சம்மதிக்கவில்லை. கடைசியில் அவளுடையதையே வைத்தார்கள்.

நாலாம் நாளே கறுத்தது.

கழன்று விழுந்த தோலைத் தாதி தட்டில் எடுத்துப்போன பிறகும், அந்தப் புளித்த மணம் கட்டிலைச் சுற்றியே நின்றது.

"இன்னொருக்கா, ஐயா."

"உங்கடயை இனி வைச்சால் ஒரு நாளும் நிக்காது. சிவக்கக்கூட மாட்டுது. வெள்ளையாவே செத்துப்போம்." டொக்டர் குரலைத் தணித்தார். "மாமன்ரயை வைக்கவும் இப்ப பிள்ளையின்ர உடம்பில சீவனில்லை."

வீரகத்தி எழுந்து வெளியே போனான்.

மத்தியான வெயில் யன்னலால் விழுந்தது. குப்புறக் கிடந்த குழந்தையின் முகம் ஒருபக்கம் திரும்பியிருந்தது. நெருப்பும் கொதிநீரும் தொடாத கன்னம். அன்னபாக்கியம் அதில் உள்ளங்கையை வைத்தாள்.

குழந்தையின் தோல் சிலிர்த்தது. உள்ளே சுருங்கியது.

கையை எடுத்தாள்.

ஐந்து விரலும் பதிந்திருந்தன. வெள்ளையாக. கடதாசிபோல.

தேய்க்கப் போனாள். பயந்து நிறுத்தினாள். வெள்ளையைச் சுற்றி ஒரு கோடு. கறுப்பு. விரல் விரலாக நடந்தது.

நேசமலர் கண் திறந்தாள்.

"அம்மா, கையை எடுங்கோ."

அன்னபாக்கியத்தின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

"அம்மா. எடுங்கோ."

கோடு கண்ணோரம் ஏறிக்கொண்டிருந்தது.