வெட்டி எடுத்த கேள்விகள்

ஒலிப்பதிவில் கேள்விகளுக்கு நடுவே அவன் வெறும் மௌனத்தைத்தான் வைத்திருந்தான். இப்போது அங்கே யாரோ மூச்சு விடுவது கேட்டது.

குட்ஸனாய் ஹெட்ஃபோனைக் கழற்றினான். அக்டோபர் மதியம். தகரக் கூரை வெயிலில் முறுகும் சத்தமும், முசாசா மரங்களில் சில்வண்டுகள் விடாமல் இழுக்கும் ஒற்றை ஒலியும், மழைக்காக உழுது போட்ட காட்டிலிருந்து வரும் சுட்ட மண் வாசனையும் அறைக்குள் நிறைந்திருந்தன. மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை. மறுபடி மாட்டினான். இருந்தது.

அணைக்காக ஊரை விட்டு நகர்த்தப்பட்டவர்களின் கதைகளை அவன் மனைவி ஷுவாய் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தாள். சொன்னவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து கேட்டு, சரி என்றால்தான் அது வானொலிக்குப் போகும். அதற்குள் அவள் செத்துப்போனாள். கேழ்வரகு மது காய்ச்சி, அவள் ஆவியைக் கல்லறையிலிருந்து வீட்டுக்கு அழைக்கும் சடங்கு இன்னும் நடக்கவில்லை. அதுவரை அவள் குரல் அந்தக் கூட்டத்தில் கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அவள் கேள்விகளை வெட்டும் வேலை அவனுக்கு வந்தது. வெட்டினான். அழிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்தான். அவளுடையதாக அவனிடம் மிஞ்சிய குரல் அவ்வளவுதான்.

முற்றத்தில் மார்வேய் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அவன் குடும்பத்தின் சாஹ்விரா. இழவு வீட்டில் இறந்தவரைப் போலவே பேசி, நடந்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்கும் பரம்பரை உரிமை உள்ள தோழி; இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஷுவாயின் சாவிலும் அவள் குரலில் பேசிக் காட்டினாள். குட்ஸனாய் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன சாஹ்விரா, பொண்டாட்டிய பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சு அரட்டையா? உசுரோட இருந்தப்ப அவ ஒண்ணு கேட்டா 'ம்'னு கூட சொல்ல மாட்டியே!"

"சும்மா கேக்குறேன்."

"கேளு, கேளு. பதில் மட்டும் சொல்லிடாத. இன்னும் வீடு சேராதவ. பேச்சுக் குடுத்தா போக மாட்டா."

போக மாட்டாள் என்பது அவனுக்கு மிரட்டலாகப் படவில்லை. கணினியிலிருந்து ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கினான். ஷுவாயின் குரல் அறையில் பரவியது.

"இங்க வந்தப்ப கூட யாரு இருந்தாங்க?"

"யாருமில்ல," என்றான் மெதுவாக. "நான் மட்டும்தான்."

மௌனம். மூச்சு.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?"

"கடை ரொட்டி."

இரண்டும் அவன் வெட்டிய கேள்விகள். எந்தக் கிழவரிடம் கேட்டாள் என்றுகூட நினைவிருந்தது. எல்லாரிடமும் காட்டிய அதே மரியாதை, அதே பொறுமை. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"இல்ல."

"கட்டில்ல எந்தப் பக்கம் படுக்குறீங்க? உங்க பக்கமா, என் பக்கமா?"

இதை அவன் வெட்டவில்லை. இதை அவள் எந்தக் கிழவரிடமும் கேட்கவில்லை. கை விசைக்குப் போனது. அழுத்தினால் நின்றுவிடும். அவள் நின்றுவிடுவாள்.

"உன் பக்கம்," என்றான்.

சில்வண்டுகள் நின்றன.

ஈர மண் வாசனை. மழை இல்லை. கழுத்துப் பின்னால் குளிர். அழுத்தினான். திரையில் ஓடிய கோடு நின்றது.

முற்றத்திலிருந்து அதே குரல் வந்தது.

"ஏன் என் பக்கம்?"

"மார்வேய்! கேலி பண்ணாத!"

வாசலுக்குப் போனான். வெயில். சிதறிய கடலை. கவிழ்ந்த முறம்.

மார்வேய் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் வாயை அழுத்தி மூடியிருந்தாள். நகம் கன்னத்தில் பதிந்திருந்தது. அவனைப் பார்த்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் விரல்களின் மேல் வழிந்தது.

அந்த விரல்களின் இடுக்கிலிருந்து, தெளிவாக, மரியாதையாக, ஷுவாய் கேட்டாள்:

"அப்ப இன்னிக்கு நான் எங்க படுக்கட்டும்?"