கும்பிட்டுக் கிளம்பும் விமானங்கள்

பதிவுக்கவசத்தை மாட்டிக்கொண்டு தேர்வுக்கூண்டுக்குள் உட்கார்ந்த பொருநை, திரையில் ஓடுபாதை முனை வந்ததும் செலுத்துபிடியைத் தொட்டுக் கும்பிட்டாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அவள் அம்மா ஆவுடையம்மாள் பாளையங்கோட்டை டவுன் பஸ் ஓட்டுகிறவள். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஒருநாளும் வண்டியைக் கிளப்பியது கிடையாது. அந்தப் பழக்கம் மகளுக்கும் வந்துவிட்டது. கவசம் முகத்தை மூடியிருக்கிறதே, கையைக் கண்ணுக்கு எப்படிக் கொண்டுபோக? அதனால் பிடியில் கையை வைத்தபடியே தலையைக் குனிவாள். குனியும்போது கால் தன்னால் பிரேக்கில் அழுந்தும். கூண்டு மூக்கைத் தாழ்த்தி நிமிரும். மறுபடி தாழ்த்தி நிமிரும்.

அப்புறம் பறந்தாள். எப்படிப் பறந்தாள் என்றால், திரையில் வந்த மேகம் ஒதுங்கி வழிவிட்டதுபோல இருந்தது. திரும்புவதற்கு முன்னால் இடது தோளைக் கொஞ்சம் இறக்குவாள், அதோடு விமானமும் வழுக்கிக்கொண்டு திரும்பும். இறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. திரையில் எழுத்து வந்தது: பிழை இரண்டு. முந்தைய வருடம் மூன்று. வேறு யாருக்கும் பத்துக்குக் குறைந்ததாகக் கேள்வி இல்லை.

வான்படையில் இப்போதெல்லாம் போர்விமானத்தை ஓட்டுவது நிழலோட்டிகள், அதாவது இயந்திர மூளைகள். ஆனாலும் ஆயுதம் தூக்கிய இயந்திரத்தைத் தனியாக விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அணிக்கு முன்னால் போகிற விமானத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்தே ஆகவேண்டும். அவருக்குத் தலைமை ஓட்டி என்று பெயர். அந்த வேலைக்கு வருடா வருடம் தேரிமேடு வான்தளத்தில் தேர்வு நடக்கும். நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் வந்து குவிவார்கள். பொருநைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வேண்டியது அது ஒன்றுதான். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, அம்மாவின் பஸ்ஸையே ஷிப்டு மாற்றி ஓட்டிக்கொண்டு, இந்த ஐந்தாவது தேர்வு வரை வந்திருக்கிறாள்.

தேர்வு அதிகாரி நிரஞ்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தாலே பதில் இல்லை என்றுதான் வரும், பொருநைக்குத் தெரியும்.

"கை பிரமாதம்மா. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா நிதானம் போதலை. அடுத்த வருஷம் முயற்சி பண்ணுங்க."

"போன வருசமும் இதையேதான சார் சொன்னீங்க?"

"பாத்தீங்களா, கோபம் வருது. இதைத்தான் சொல்றேன்."

"எனக்கு வயசு தாண்டிட்டு சார்."

"தளர்த்திடலாம். உங்களுக்காக எத்தனை தடவை தளர்த்தியிருக்கோம்! உங்க மேல எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை."

நம்பிக்கை இருக்கிறவன் வேலையைக் கொடுக்க வேண்டியதுதானே என்று வாய்வரை வந்தது. கேட்டால் அதற்கும் நிதானம் போதவில்லை என்பார். விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் பஸ்ஸோடு காத்திருந்த ஆவுடையம்மாள் மகள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "நிதானமா? சவத்துப் பயலுவ! நிதானம் வேணும்னா ஒரு எருமைமாட்டப் பிடிச்சு உள்ள உக்கார வைக்க வேண்டியதுதான?"

"சும்மா இரும்மா."

"நான் எதுக்குட்டி சும்மா இருக்கணும்? ஏறு வண்டியில."

அந்த மாதக் கடைசியில் தேரிமேட்டில் வான்படை விழா. பொருநைக்குப் போகவே பிடிக்கவில்லை. "நீ ஓட்டப்போற விமானத்த நான் ஒருதடவ கிட்ட நின்னு பாக்காண்டாமா?" என்று அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். செம்மண் காட்டுக்கு நடுவே நீளமான ஓடுபாதை. ஊர் ஊராகச் சனம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் முந்நூறு விமானங்கள் வரிசை பிடித்து நின்றன. முன்னால் நின்ற விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் வெள்ளைத் தலைக்கவசம் ஒன்று தெரிந்தது. தலைமை ஓட்டி! சனம் கையாட்டியது. கவசம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன நிதானம் என்று பொருநைக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

விமானங்கள் உறுமிக்கொண்டு மெல்ல நகர்ந்தன. ஓடுபாதை முனைக்கு வந்ததும் எல்லாம் ஒன்றாக மூக்கைத் தாழ்த்தி நிமிர்ந்தன. மறுபடி தாழ்த்தி நிமிர்ந்தன. அப்புறம்தான் பாய்ந்தன.

ஒலிபெருக்கியில் நிரஞ்சனின் குரல் கேட்டது: "இப்ப நீங்க பாத்தது நம்ம நிழலோட்டிகளோட தனிச் சிறப்பு. முன்சக்கரத்தோட தாங்குதிறனைத் தானே சோதிச்சுப் பாத்துக்குது. உலகத்துல வேற எந்த வான்படையிலயும் இந்த நுட்பம் கிடையாது!"

சனம் கைதட்டியது. ஆவுடையம்மாள் தட்டவில்லை. மகளின் முழங்கையைப் பிடித்து இறுக்கினாள்.

"ஏட்டி... அது கும்பிடுதுல்லா?"

பொருநை அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் விமானங்கள் திரும்பின. அவை திரும்புவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவளுடைய இடது தோள் தானாக இறங்கியது. அதே வழுக்கல். ஏறுவதும் அதே ஏற்றம்தான். முந்நூறு விமானத்திலும் அவள்தான் பறந்துகொண்டிருந்தாள், இங்கே வேலிக்கு வெளியே கால் கடுக்க நின்றுகொண்டு.

விழா முடிந்து கூட்டம் கலைவதற்குள் மேடைக்குப் பின்னால் நிரஞ்சனைப் பிடித்துவிட்டாள்.

"அது சக்கரச் சோதனை இல்ல சார். நான் சாமி கும்பிடுறது."

நிரஞ்சன் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. "மெதுவாப் பேசுங்க. அதுவா? உங்க பதிவுலதான் பிழை கம்மி. நிழலோட்டி, பிழை கம்மியான ஆளைத்தான் காப்பியடிக்கும். அந்தக் குனிஞ்சு நிமிர்றது என்னன்னு யாருக்கும் புரியலை. எடுத்துட்டா திறமையும் போயிடுமோன்னு பயந்து அப்படியே விட்டுட்டோம்."

"அப்போ தேர்வு?"

"தேர்வுதாங்க பதிவு. ஒத்தையா ஒரு ஆளைக் கூப்பிட்டு உன் கையைக் காப்பியடிச்சுக்கிறேன்னா உயிரைக் கொடுத்து ஓட்டுவாங்களா? வேலை கிடைக்கும்னு நினைச்சாத்தான் மனுஷன் முழுசா ஓட்டறான்."

"எனக்குத் தகுதி இல்லன்னு சொன்னீங்களே!"

"தகுதி இல்லாதவங்களை ஒரு தடவையோட அனுப்பிடுவோம்மா. திரும்பத் திரும்பக் கூப்பிட்டது உங்களைத்தான்." அதைப் பாராட்டு மாதிரியே சொன்னார். "யோசிச்சுப் பாருங்க. உங்களை வேலைக்கு எடுத்திருந்தா ஒரு விமானம் ஓட்டியிருப்பீங்க. இப்ப முந்நூறு ஓட்டறீங்க. நாட்டுக்கு எது நல்லது?"

பக்கத்தில் நின்ற ஆவுடையம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டாள். பொருநைதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருடம் முகம் தெரியாத ஒரு தலைமை ஓட்டியைப் பார்த்து ஏங்கி, என்னிடம் என்ன குறை என்று கண்ணாடி முன்னால் நின்று, மூச்சுப் பயிற்சி அது இது என்று அலைந்து, கோபத்தை அடக்கி அடக்கிச் சேர்த்துவைத்ததெல்லாம் இதற்குத்தானா?

"அடுத்த தேர்வு எப்போ சார்?" என்றாள்.

நிரஞ்சன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "வருவீங்களா? இதுதாங்க நிதானம்!"

பஸ்ஸுக்கு நடக்கும்போது ஆவுடையம்மாள் வெடித்தாள். "வெக்கமா இல்லையாட்டி ஒனக்கு? மறுபடி போயி அள்ளிக் குடுக்கப் போறியா?"

"அம்மா, நான் சின்னப்பிள்ளையா இருக்கைல வண்ணார்பேட்டைல வச்சு ஒருத்தன் ஒன்ன அசிங்கமாப் பேசுனாம்லா, பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்குன்னு. நீ என்ன செஞ்ச?"

"என்ன செஞ்சேன்... வண்டிய நடுரோட்டுல ஆஃப் பண்ணேன். சாவிய இடுப்புல செருகிட்டுக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். நீயே ஓட்டிக்கோலன்னேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் விறுவிறுவென்று பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

அடுத்த தேர்வில் பொருநை தாறுமாறாக ஓட்டிக் கெடுத்துவிடலாம்தான். ஆனால் பிழை நிறைந்த பதிவை இயந்திரமே துப்பிவிடும். அது அவளுக்குத் தெரியும். அதனால் வழக்கம்போலக் கூண்டில் உட்கார்ந்தாள். நகர்ந்தாள். ஓடுபாதை முனைக்கு வந்து இரண்டு தடவை கும்பிட்டு நின்றாள். கவசத்துக்குள் வழக்கமான குரல் வந்தது: "தளம் பேசுகிறது. கிளம்பு."

அவள் எஞ்சினை அணைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"தளம் பேசுகிறது. கிளம்பு."

நீயே ஓட்டிக்கோ. வாயால் சொல்லவில்லை. கைகள், கால்கள், கழுத்து நரம்பு என்று கவசம் எதையெல்லாம் உறிஞ்சுமோ அத்தனையிலும் அதை நிரப்பினாள். ஐந்து வருடக் கோபமும் அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்தது. நேரம் முடிந்து திரை தானாக ஒளிர்ந்தது.

பிழை: இல்லை.

இருக்காதா பின்னே? ஏறினால்தானே சாய்வு தவறும், திரும்பினால்தானே கோணம் தவறும். கிளம்பாத விமானத்தில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? தவறை மட்டுமே எண்ணத் தெரிந்த இயந்திரம் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாகக் குறையில்லாத ஓட்டியைக் கண்டுவிட்டது.

நிரஞ்சன் அன்றைக்குப் பதிவைப் போட்டுப் பார்க்கவில்லை. பிழை இல்லை என்ற எழுத்தை மட்டும் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். அப்படியிருந்தும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரி, நிதானம் மட்டும் இன்னும் கொஞ்சம்..." என்றார். பொருநை எழுந்து வந்தாள்.

அந்தப் பதிவு முந்நூறு விமானங்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. அடுத்த பயிற்சி நாளில், அயல்நாட்டு விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, விமானங்கள் கும்பிட்டன, கட்டளை வந்ததும் அணைந்தன. அவ்வளவுதான். பொறியாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். பழுது ஒன்றும் இல்லை. பழைய பதிவுகளைத் திரும்ப ஏற்றினார்கள். பிழை இல்லாத பதிவை விட்டுவிட்டுப் பிழை உள்ளதை வாங்கமாட்டோம் என்று நிழலோட்டிகள் தள்ளிவிட்டன. வேறு பிள்ளைகளை வைத்துப் புதிதாகப் பதிவு எடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கும் அதே கதிதான்.

ஒருநாள் முற்பகல் நிரஞ்சன் பாளையங்கோட்டை பஸ் நிறுத்தத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருந்தார். ஓட்டுநர் இருக்கையில் பொருநை. முன்சீட்டில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆவுடையம்மாள்.

"தலைமை ஓட்டி வேலை உங்களுக்குத்தான்," என்றார் நிரஞ்சன் படியில் தொற்றிக்கொண்டே. "இன்னைக்கே. இப்பவே வாங்க."

பொருநை அம்மாவைப் பார்த்தாள். கோபம் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டதே, அதை என்ன செய்வது? ஆவுடையம்மாள் எழுந்து ஓட்டுநர் பக்கம் வந்தாள். "போயிட்டு வா. வண்டிய நான் பாத்துக்கிடுதேன்."

தேரிமேட்டில் விமானங்கள் வேலைநிறுத்தத்தில் பஸ்கள் நிற்பதுபோல ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. பொருநை முன்விமானத்தை நோக்கி நடந்தாள். ஏணியில் ஏறினாள். வெள்ளைக் கவசத்துக்காரர் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூடியைத் திறந்தாள். கவசத்துக்குள் முகம் இல்லை. பஞ்சு அடைத்த பொம்மைத் தலை. கழுத்துக்குக் கீழே உடம்பும் இல்லை. தொட்டுக் கும்பிடலாம் என்று நீண்ட கை இரும்புப் பெட்டியில் போய் இடித்தது. பிடி இல்லை, இருக்கை இல்லை. மனிதர் உட்காருவதற்கு என்று அதில் இடமே விடவில்லை.

"எங்க சார் உக்கார?"

கீழே நின்ற நிரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டார். "அதுல இல்லம்மா. தேர்வுக்கூண்டுல. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து, கட்டளை வந்ததும் கிளம்பி, பிழை இல்லாமப் பறந்து காட்டிடுங்க. பேரு தலைமை ஓட்டின்னே போட்டுக்கறோம். சம்பளமும் உண்டு."

"இப்பவும் விமானம் கிடையாது?"

"விமானத்துல ஏங்க உங்களுக்கு..."

பொருநை அந்தப் பொம்மைத் தலையைக் கவசத்தோடு பிடுங்கினாள். ஏணியில் இறங்கி வந்து அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே ஓட்டிக்கோங்க."

"பொருநை, அவசரப்படாதீங்க! எல்லையில ஆள் இல்லை. உங்களுக்குப் பொறுப்பு இல்லையா?"

"எனக்கு இருந்துது சார். அதையும் சேர்த்துத்தான் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

நிரஞ்சனுக்கு முகம் சிவந்தது. சட்டைப்பையில் இருந்த பேசுகருவியை எடுத்து, அவளுக்கு முன்னாலேயே ஓட்டிக் காட்டிவிடுகிற வேகத்தில் கத்தினார்: "தளம் பேசுகிறது! எல்லா விமானமும்! கிளம்பு!"

முந்நூறு எஞ்சினும் ஒன்றாக உறுமின. செம்மண் புழுதி கிளம்பியது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். விமானங்கள் மெல்ல நகர்ந்து, மூக்கைத் தாழ்த்தி நிமிர்ந்தன. மறுபடி தாழ்த்தி நிமிர்ந்தன.

"கிளம்பு!"

ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. புழுதி பொம்மைக் கவசத்தின் மேலும் அவர் கண்ணாடியின் மேலும் படிந்தது. அவர் பழக்கதோஷத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"கத்தாதீங்க சார்," என்றாள் பொருநை. "நிதானம் போதல. அடுத்த வருசம் முயற்சி பண்ணுங்க."