நாற்பதுக்கு மேல் பூஜ்யம்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு வருஷம் மூடிக் கிடந்த ஒரு சூளைக் கொட்டகையைப் பிடித்துப் பட்டறை வைத்திருப்பவள் நான். உள்ளே ஆள் நடக்கிற சத்தம் கேட்கிறது என்று பயமுறுத்தினார்கள். "நடக்கட்டும், காத்தாட நடந்தா உடம்புக்கு நல்லதுதானே" என்றேன். பெயர் கனகா. பயந்தாங்கொள்ளி சொன்ன கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் தொழில் கார்களின் மூளையைத் திறப்பது. இப்போதெல்லாம் எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. எந்த வேகத்தில் எவ்வளவு டீசல் என்று எண்கள் நிரம்பிய பட்டியல் அதற்குள் இருக்கும். மேப் என்போம். லேப்டாப்பைச் செருகி அந்த எண்களை மாற்றி எழுதுவேன். கூட்டினால் வண்டி பாயும், குறைத்தால் அடங்கும். பூஜ்யம் போட்டால் நின்றுவிடும்.

போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. வண்டியைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சார்லஸ் என்று ஒருவர் கொண்டு வந்தார். பீங்கான் கம்பெனியில் வேலை. நகக்கண் முழுக்க வெள்ளைக் களிமண். "வூட்டுக்காரம்மா இப்பத்தான் ஓட்டக் கத்துக்குது. நாப்பதுக்கு மேல போவாத மாதிரி எழுதிக் குடுங்க" என்றார். எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று நினைத்து எழுதிக் கொடுத்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதிருக்கிறது, எனக்குத்தான் புத்தி வரவில்லை.

இந்தத் தடவை வண்டியிலிருந்து இறங்கியது அவர் மனைவி டெய்சி. முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"அக்கா, அந்த நாப்பத எடுத்துடுங்க."

"சார்லஸ் வரலியா?"

"அவரு தவறி ஆறு மாசம் ஆவுதுங்க. காலைல போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. கம்பெனிச் சூளைகிட்டயே நெஞ்சு வலி. அவ்ளோதான்."

திட்டக்குடியில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. ஊர் ஊராகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டிலேயே பார்க்கும் வேலை. சொந்த வண்டி இருந்தால்தான் எடுப்பார்களாம். அன்று மூன்று மணிக்குள் வண்டியோடு போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"இதுவும் போச்சுன்னா நான் மாமியா வூட்லயேதான் கெடக்கணும்க்கா. கதவத் தெறக்கறதுக்குக்கூட கேட்டுக்கிட்டு." அதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. கோபமாகத்தான் இருந்தது.

பத்து நிமிஷ வேலை. கம்பெனியிலிருந்து வந்த பழைய மேப்பை எடுத்துத் திரும்ப எழுதினேன். டெய்சி ஓட்ட, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பெண்ணாடம் ரோட்டில் முள் நாற்பதைத் தொட்டது.

எஞ்சின் முனகியது. ஒரு முக்கல், இழுத்தாற்போல். பிறகு நின்றுவிட்டது.

வண்டிக்குள் ஈரக் களிமண் வாசனை அடித்தது. ஏசி ஓடவில்லை, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது.

தள்ளிக் கொண்டு வந்து மேப்பைத் திரும்பப் படித்தேன். நாற்பதுக்கு மேல் வரிசை வரிசையாகப் பூஜ்யம். நான் எழுதிய எண் ஒன்றுகூட இல்லை. சரி, எழுதும்போது ஏதோ தவறிவிட்டது என்று மறுபடி எழுதினேன். திரும்பவும் பூஜ்யம். மூன்றாவது தடவை எழுதி, கண்ணால் சரிபார்த்து, தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். வந்து பார்த்தால் லேப்டாப்பில் பூஜ்யம் இருக்கும் பொத்தானில் மட்டும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

தொட்டேன். ஈரம்.

களிமண்.

"டேய் பாண்டியா, இதத் தொட்டியா?"

பாண்டியன் என் மெக்கானிக். நாற்பது வயது. வாய் ஓயாது. "நான் ஏன் தொடறேன்? நம்ம கொட்டாயில மண்ணே இல்லியே யக்கா" என்றான். காரை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டான். எஞ்சின் அதே மாதிரி முனகி நின்றது. அவன் சிரித்தான். "யக்கா, வண்டி பேசுதுக்கா. எங்ங்க, எங்ங்கன்னு கேக்குது பாரு!"

டெய்சியின் முகம் வெளுத்துப் போயிற்று. 

எனக்குப் பிடிவாதம் ஏறியது. நான்காவது தடவையாக எழுதினேன். இருவரையும் டீ குடிக்கச் சொல்லிவிட்டு, நானே ஓட்டிப் பார்ப்பது என்று ஏறினேன். ஜன்னல் வழியே பழக்கதோஷமாகப் பாண்டியனிடம், "போயிட்டு வரேன்டா" என்றேன்.

வண்டி நாற்பதைத் தாண்டியது. அறுபது. எண்பது. வெண்ணெய் மாதிரி ஓடியது. களிமண் வாசனையும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் பாட்டு வேறு பாடினேன், சொன்னால் வெட்கக்கேடு.

சாவியை டெய்சியிடம் கொடுத்தேன். அவள் ஏறினாள். பேட்டை வாசலைக்கூடத் தாண்டவில்லை.

எங்ங்க.

மணி ஒன்றரை.

பாண்டியன்தான் கண்டுபிடித்தான். தலையைச் சொறிந்துகொண்டு, "யக்கா, நீ போயிட்டு வரேன்னு சொல்லிட்டுக் கெளம்புன. அந்தம்மா சொல்லாம ஏறிச்சு" என்றான்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் டெய்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினோரு வருஷம்க்கா. கெளம்பறவங்கள எங்க போறன்னு கேக்கக் கூடாது, போற காரியம் வெளங்காதுன்னு சொல்வாங்கல்ல? அவரு தெனமும் கேப்பாரு. கடைக்குப் போனாலும் கேப்பாரு, கோயிலுக்குப் போனாலும் கேப்பாரு. எங்க? எங்க? பதில் சொல்லி, போயிட்டு வரேங்கன்னு சொல்லி, அவரு ம்னு சொன்னாத்தான் சாவி. அடக்கத்துக்கு அப்பறம் அந்த வார்த்தைய நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

 கொட்டகையின் பழைய சூளைப் பக்கமிருந்து களிமண் வாசனை மெல்ல வந்தது.

"ஒரு வார்த்ததானம்மா" என்று பாண்டியன் கிசுகிசுத்தான். "சொல்லிட்டுப் போயேன். வாயில இன்னா முத்தா உதிரப் போவுது?"

"சொன்னா சாயங்காலம் அவருகிட்டதானே திரும்பி வரணும்? நாளைக்கும் சொல்லணும். நாளான்னிக்கும் சொல்லணும்."

 அந்த நாற்பதை எழுதிக் கொடுத்த கை என்னுடையது. செத்தும் கெடுக்கிறான் பாவி என்று எரிச்சல் வந்தது. என்மேல் அதைவிட வந்தது. பொத்தானைத் துடைத்தேன். மேப்பைக் கடைசித் தடவையாக எழுதினேன்.

"ஏறு டெய்சி" என்றேன். "உனக்கு இன்னா சொல்லத் தோணுதோ அத சொல்லு."

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். சாவியைத் திருகினாள்.

எங்ங்க.

நின்றது. மறுபடி திருகினாள்.

எங்ங்ங்ங்க.

உள்பக்கமிருந்து யாரோ மூச்சு விட்டது போலக் கண்ணாடியில் ஆவி படிந்தது. டெய்சியின் பக்கம் இல்லை. பக்கத்து சீட்டுப் பக்கம்.

அவள் திரும்பி அந்தக் காலி சீட்டைப் பார்த்தாள்.

"போறேன்."

பாண்டியன் பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கிளம்பும்போது போறேன் என்பது பிணம் சொல்ல வேண்டிய சொல். எங்கள் ஊரில் குழந்தைகூடச் சொல்லாது.

"எங்கன்னு சொல்ல மாட்டேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். நீங்கதான் செத்தீங்க, நான் இல்ல. போறேன்!"

சாவியைத் திருகினாள். எஞ்சின் முனகவில்லை, உறுமியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வண்டி வாசலைத் தாண்டிப் பெண்ணாடம் ரோட்டில் திரும்பியது. சத்தம் தேய்ந்து மறையும்வரை இருவரும் நின்றோம். இரண்டே முக்காலுக்குப் போன் வந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. தொண்ணூறுல வந்தேன்." அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. நான் அழுதேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆறு மணிக்குப் பட்டறையைப் பூட்டி, என் வண்டியில் ஏறினேன். அது பதினைந்து வருஷத்து வேன். ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. சாவியைத் திருகினேன்.

எங்ங்க.

 பக்கத்து சீட்டில் லேப்டாப் பை. திறந்தேன். பூஜ்யத்தின்மேல் வெள்ளையாக ஒரு விரல் தடம்.

அப்போதுதான் உறைத்தது. அவருடைய காரில் உட்கார்ந்து, போயிட்டு வரேன் என்று வாக்குக் கொடுத்தது டெய்சி இல்லை. நான்.

பயந்தேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கு மேலே கோபம் வந்தது. என்னிடமா? கட்டிய புருஷனுக்கே கணக்குச் சொல்லாதவள் நான்.

"எங்க போனா உனக்கு இன்னாய்யா?" என்று கத்தினேன். "போறேன்! போ!"

வேன் கிளம்பியது.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. டெய்சி திட்டக்குடியிலேயே வீடு எடுத்துவிட்டாள். அவள் வண்டியில் எந்தக் குறையும் இல்லை. நான் தினமும் சாயங்காலம் கொட்டகையைப் பார்த்து உரக்கப் போறேன் என்று சொல்லித்தான் பூட்டுகிறேன். "வாயக் கழுவுக்கா" என்று பாண்டியன் தலையில் அடித்துக்கொள்கிறான். காலையில் வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, ஈரத் துணியால் அந்த ஒரு பொத்தானைத் துடைக்கிறேன்.

இன்று காலை நான்கு என்ற பொத்தானிலும் ஒரு தடம் இருந்தது. நாற்பது. இரண்டையும் துடைத்துவிட்டு, தொண்ணூறு என்று அழுத்தி வேலையை ஆரம்பித்தேன்.