இல்லாத தூசி

கண்ணாடியே வைக்கவில்லை. ஆனாலும் விளக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

தவசிமுத்துவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. வானியல் பேராசிரியர் ஒருவருக்குக் கணக்குப் போட்டுத் தருவது அவன் பிழைப்பு. கோடானுகோடி மைலுக்கு அப்பாலிருக்கும் நட்சத்திரக் கூட்டங்களின் வெளிச்சத்தை நடுவழியில் தூசி எவ்வளவு தின்கிறது, எவ்வளவு சிவக்க வைக்கிறது என்று நாளைக்குள் அட்டவணை தரவேண்டும். தராவிட்டால் வேலை போய்விடும். ராயபுரத்தில் தூசிக்கா பஞ்சம்? துறைமுகத்து நிலக்கரித் தூளைக் கண்ணாடிகளில் தடவி நடுவே வைத்து, பட்டப்பகலில் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, அந்தக் கோடியில் மனைவி வியாகுலம்மாள் அரிக்கேன் விளக்கைப் பிடிக்க, இந்தக் கோடியிலிருந்து அதன் வெளிச்சத்தை ஒரு வாரமாக அளக்கிறான். பத்தடி தூரம். பாழாய்ப்போன கணக்கு ஒத்துவரவே இல்லை. நேற்று பொறுமையிழந்து, கணக்கை ஒப்பேற்ற எங்குமே இல்லாத தூசியை மூன்று கண்ணாடி கனத்துக்கு அட்டவணையில் எழுதிச் சேர்த்துவிட்டான்.

இப்போது கண்ணாடி இல்லாமலே அதே மூன்று கண்ணாடி மங்கல்.

"சிம்னிய தொடச்சியா இல்லியா?" என்று கத்தினான்.

"மூணு வாட்டி தொடச்சாச்சுயா. சும்மா பேஜார் பண்ணாத."

சுடர் சிவந்துகொண்டே போனது. அவளுடைய நீலப் புடவை பழுப்பாகத் தெரிந்தது. தூசியில் முதலில் சாவது நீலம்தான்; அவனே எழுதிய விதி அது. தெருவில் கருவாட்டு வாசம் இல்லை. கரி வண்டிகளின் சத்தமும் நின்றுபோயிருந்தது.

"திரிய ஏத்து!"

"ஏத்திட்டேன். எனக்கு கண்ணே கூசுது." அவள் குரல் நடுக்கடலிலிருந்து வருவதுபோல் கேட்டது.

பயம் பிடித்துக்கொண்டது. அவளை நோக்கி நடந்தான். பத்தடி. இருபது. நாற்பது. விளக்கு சிறுத்துக்கொண்டே போனது. காலடியில் தரை இல்லை, தூள். கணுக்கால்வரை.

அட்டவணையில் எழுதிய அந்தப் பொய் எண்ணை அழிக்க வேண்டும். திரும்பினான். மேசை இல்லை. சுவர் இல்லை.

மறுபடி விளக்குப் பக்கம் திரும்பினான். எதிரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்.

"எங்கய்யா போய்ட்ட?" அவள் குரல் நூலாக வந்தது. "ஆளையே காணோம். எண்ணெ வீணா போய்கினு கீது. வெளக்க அணைச்சிடறேன்."

வேண்டாம் என்று அலற வாயைத் திறந்தான். வாய் நிறையக் கரித்தூள் இறங்கியது.

புள்ளி அணைந்தது.