ஜன்னலடியில் தெரிந்த கடல்

கல்முனை பஸாரில் இருந்த அந்தக் கடைக்குள் காலை வைத்ததுமே ஸஹ்றா வாயடைத்துப் போனாள்.

சுவர் முழுவதும் டீவி! பெரியதும் சிறியதுமாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எல்லாவற்றிலும் ஒரே படம்தான் ஓடியது. கடல். அதுவும் கடலின் மேற்பக்கம் இல்லை, அடிப்பக்கம். நீலத் தண்ணீருக்குள் மஞ்சள் மீன்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று அத்தனை மீன்களும் சேர்ந்து திரும்பின. எல்லா டீவியிலும் ஒரே நேரத்தில் திரும்பின.

"ராத்தா, மீனெல்லாம் நம்மளப் பாக்குது," என்று தம்பி அஸ்கி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாக்கட்டும். நாமளும் பாப்பம்," என்றாள் ஸஹ்றா. அவளுக்குக் கண்ணை எடுக்கவே முடியவில்லை.

அவர்களுடைய வீடு சாய்ந்தமருதில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தினமும் கடலைப் பார்க்கிறவள்தான் ஸஹ்றா. ஆனால் அதற்குள் இப்படியொரு ஊர் இருக்கிறதென்று அவள் கண்டாளா என்ன!

வீட்டில் முன்பு ஒரு டீவி இருந்தது. முதுகில் பெரிய கூன் போட்ட பழைய பெட்டி டீவி. உப்புக் காற்றுப் பட்டுப்பட்டு, போன பெருநாளோடு அது கண்ணை மூடிவிட்டது. அதன் பிறகுதான் கத்தாரிலிருந்து மாமா வந்து, ஒரு கேம் மெஷினைத் தந்துவிட்டுப் போனார். டீவி இல்லாமல் அதை என்ன செய்வது? பாவம் ஸஹ்றா, அதைத் துடைத்துத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

ஒருவழியாகப் புது டீவிக்குக் காசு சேர்ந்ததும் உம்மா சொல்லிவிட்டார்.

"டீவி தெரிவு செய்யிறது ஸஹ்றாட வேல. எந்த நேரமும் என்ட ஃபோன்ல அதத்தானே பாத்துக்கிட்டு இரிக்கா. ஆனா ஒண்டு மகள், கையில இரிக்கிற காசுக்குள்ள எடுக்கணும். கடன் கிடன் எண்டு கதைக்கப்படா."

ஸஹ்றா அன்றைக்கே வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டாள். "அம்பத்தஞ்சு இஞ்ச் டீவி வாங்கப் போறம்! வெள்ளிக்கிழமை எல்லாரும் கேம் விளையாட வாங்க!" அவளுடைய கூட்டாளி நஸ்லா அதைப் பள்ளிக்கூடம் முழுவதும் பரப்பிவிட்டாள்.

கடைக்காரர் றிபாஸ் நானா சிரித்துக்கொண்டே வந்தார். "வாங்க காக்கா, வாங்க," என்று வாப்பாவைக் கூப்பிட்டுவிட்டு, நடுவில் நின்ற பெரிய டீவியைத் தட்டிக் காட்டினார்.

"இதுதான் அம்பத்தஞ்சு. கடைசி ஒண்டுதான் கிடக்கு. அதால விலையக் குறைச்சிரிக்கன்."

உம்மா விலையைப் பார்த்தார். கைப்பையைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். ஸஹ்றாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, படத்தில் ஒரு திமிங்கிலம் வந்தது. அம்மாடி! அதன் தலை வந்தது, உடம்பு வந்தது, இன்னும் உடம்பு வந்தது. வால் வருவதற்குள் அஸ்கி இரண்டு தரம் மூச்சு விட்டுவிட்டான்.

என்றாலும் ஸஹ்றா ஏமாறுகிற ஆள் இல்லை. "நானா, இதுல கேம் மோட் இரிக்கா? நாம பட்டன அமத்தினதும் கார் திரும்பணும். சில டீவியில யோசிச்சுப் போட்டுத்தான் திரும்புமாம்," என்றாள்.

றிபாஸ் நானாவின் புருவம் உயர்ந்தது. "ஆத்தாடி! வெவரமான புள்ளதான்," என்றபடி ஒரு மெஷினைக் கொண்டுவந்து பொருத்தினார். ஸஹ்றா பட்டனை அழுத்தினாள். கார் சட்டென்று திரும்பியது.

"இதையே எடுப்பம்!"

"ராத்தா, இது வாற பெட்டியும் பெருசா?" என்று அஸ்கி கேட்டான். அவனுக்கு டீவியை விடப் பெட்டிதான் முக்கியம். அதில் வீடு கட்டப் போகிறானாம்.

"ஓம், பெருசுதான்."

"அப்ப எடுப்பம்!"

றிபாஸ் நானா மறுபடியும் கடல் படத்தைப் போட்டார். ஸஹ்றா திரும்பிப் பார்த்தாள். வாப்பா எங்கே?

வாப்பா பக்கவாட்டுச் சுவரோரமாக நின்றார். எந்தக் கடைக்குப் போனாலும் அவர் அப்படித்தான். நடுவில் நின்றால் மற்றவர்களுக்கு மறைக்கும் என்று ஒதுங்கிக்கொள்வார். ஒலுவில் துறைமுகத்திலிருந்து படகில் போய், பல நாள் கடலில் கிடந்து மீன் பிடிக்கிறவர் அவர்.

"வாப்பா, எப்பிடி டீவி?"

"உங்களுக்குப் புடிச்சாச் சரி மகள்," என்றார் வாப்பா. பிறகு கொஞ்சம் தயங்கினார். "கடலுக்கடி இப்பிடிச் சாம்பல் பூத்தமாதிரியா இரிக்கும்? நான் வேற மாதிரி நெனச்சிருந்தன்."

றிபாஸ் நானா கெக்கெக்கே என்று சிரித்தார். "காக்கா, கடல்லயே கிடக்கிற நீங்களா இதக் கேக்கிற?"

"நான் மேலதானே தம்பி கிடக்கிற. கீழ எங்க கண்டன்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸஹ்றாவும் சிரித்தாள். பிறகு அவளுடைய சிரிப்பு நின்றுபோனது. சாம்பலா? இவ்வளவு நீலமாக இருக்கிறதே!

அவள் போய் வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

நீலத்தைக் காணவில்லை! மஞ்சள் மீன்கள் பலதரம் தோய்த்த சட்டை மாதிரி வெளிறிப்போய் இருந்தன. திமிங்கிலம் வெறும் புகை. நடுவுக்கு ஓடினாள், நீலம். சுவரோரம் ஓடினாள், சாம்பல். இது ஏதோ விளையாட்டு என்று நினைத்து அஸ்கியும் பின்னால் ஓடினான்.

ஸஹ்றாவுக்கு வீட்டு முன்னறை ஞாபகம் வந்தது. கடலுக்குப் போகாத நாட்களில் வாப்பா ஜன்னலடியில்தான் இருப்பார். வலையின் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, கீழே உட்கார்ந்து கிழிசல்களைப் பொத்துவார். அங்கேதான் வெளிச்சம் வரும். டீவி வைக்கும் மேசையோ அந்தப் பக்கம் பார்க்காது. பழைய டீவியை எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் யாரும் இதை யோசிக்கவே இல்லை.

வாப்பா முன்னால் வந்து பார்க்கலாம்தானே என்று அவளுடைய மனம் மெல்லக் கேட்டது. வரலாம். ஆனால் ஜன்னல் வருமா? வெளிச்சம் வருமா? வலை வருமா?

"நானா, பக்கத்தால பாத்தாலும் நிறம் மாறாத டீவி இரிக்கா?"

றிபாஸ் நானா தலையைச் சொறிந்தார். "இரிக்கி மகள். ஆனா இதே விலைக்கு நாப்பத்திமூணுதான் வரும்."

அவர் கைகாட்டிய டீவிக்குப் பக்கவாட்டில் போய், வாப்பா வலை பொத்துகிற மாதிரியே காலை மடித்து ஸஹ்றா தரையில் இருந்துவிட்டாள். கடைக்கு வந்த ஒருவர் அவள்மேல் இடறி விழப் பார்த்தார். அவள் அசையவில்லை. நீலம் நீலமாகவே இருந்தது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. டீவிதான் சின்னன். வெள்ளிக்கிழமை நஸ்லாவுக்கு என்ன சொல்வது?

"என்ன மகள், விழுந்திட்டீங்களா?" என்று வாப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார். பிடித்தவர், அவள் பார்த்த பக்கம் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

மஞ்சள் மீன்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின.

"ஸுப்ஹானல்லாஹ்," என்றார் வாப்பா. அவ்வளவுதான். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கை, ஸஹ்றாவின் கையை இறுக்கிக்கொண்டது. சின்ன வயதிலிருந்து வலை வீசுகிற கடலை வாப்பா இப்போதுதான் பார்க்கிறார்! ஸஹ்றா றிபாஸ் நானாவின் பக்கம் திரும்பினாள்.

"நானா, இதுலயும் கேம் மோட் இரிக்கா?"

"இரிக்கி."

"அப்ப இதையே தாங்க."

"அடியே, பெருசுதான் வேணுமெண்டு ஒத்தக்கால்ல நிண்டது யாரு?" என்றார் உம்மா.

"நான்தான் உம்மா. இப்ப ரெண்டு காலையும் ஊண்டிட்டன்."

அஸ்கிதான் ஓவென்று அழுதான். "பெட்டி சின்னன்!"

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு நஸ்லாதான் முதலில் வந்தாள். வந்ததும் டீவியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதா அம்பத்தஞ்சு?"

"இல்ல. நாப்பத்திமூணு."

"நீ பெருசெண்டுதானே சொன்ன?"

ஸஹ்றாவுக்குக் காது சுட்டது. மெஷினைப் போட்டாள். வாப்பா ஜன்னலடியில் வலையோடு இருந்தார். அதைப் பார்த்ததும், கார் ஓட்டத்தை விட்டுவிட்டு, கடலுக்குள் இறங்கி மீன்களைத் தேடும் கேம் ஒன்றைத் திறந்தாள்.

அறை நீலமாகியது. ஸஹ்றா நீந்திப் போனாள். கல்லும் பாசியும்தான் இருந்தன. சுற்றிச் சுற்றி வந்தாலும் ஒரு மீனைக் காணோம்.

"மீனே இல்லாத கேமா?" என்றாள் நஸ்லா.

அப்போது ஜன்னலடியிலிருந்து குரல் வந்தது. "மகள், அந்தப் பாசி எந்தப் பக்கம் சாயுதெண்டு பாருங்க."

"வலப்பக்கம், வாப்பா."

"அப்ப நீரோட்டம் இடப்பக்கத்தால வருது. கல்லுக்கு வலப்பக்கம் போங்க. மீன் அங்கதான் ஒதுங்கி நிக்கும்."

ஸஹ்றா கல்லைச் சுற்றித் திரும்பினாள்.

அல்லாஹ்வே! நூறா, ஆயிரமா, யார் எண்ணுவது? மஞ்சளும் வெள்ளியும் சிவப்புமாக மீன்கள் திரையை நிறைத்தன. நஸ்லா வாயைப் பொத்திக்கொண்டாள். முழங்காலை மடித்துப் பெட்டிக்குள் கிடந்த அஸ்கி, தலையை வெளியே நீட்டியவன் நீட்டியபடியே இருந்தான். இஞ்ச் கணக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"உங்களுக்கு எப்பிடி வாப்பா தெரியும்?"

"நிக்குமெண்டு தெரியும் மகள்," என்றார் வாப்பா. அவருடைய குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது. "இவ்வளவு வடிவா நிக்குமெண்டுதான் தெரியா."

குசினியில் பாத்திரம் கழுவிவிட்டு வந்த உம்மா ஜன்னலடியைப் பார்த்துத் தலையில் கையை வைத்தார். "இஞ்ச பாருங்க, வலையெல்லாம் சிக்கிப் போய்க் கிடக்கு!"

"கிடக்கட்டும்," என்றார் வாப்பா. "மகள், இன்னும் கொஞ்சம் கீழ போங்க."

ஸஹ்றா கீழே போனாள்.