சிக்னல் இல்லாத வளைவு

போன் கட் ஆகவில்லை. கட் ஆகியிருக்க வேண்டும்.

கடலோரப் பாதை பாறையைச் சுற்றித் திரும்பும் அந்த வளைவோடு சிக்னல் செத்துவிடும் என்பதை அன்று மதியம்தான் அவன் நடந்து அளந்து, வரைபடத்தில் சிவப்பு அடித்திருந்தான். அதுதான் அவனுடைய வேலை. வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வரிசையாகப் போன்களை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டிப் போய், எங்கே சிக்னல் கிடைக்கிறது, எங்கே கிடைக்கவில்லை என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். ஆபீசும் வேன்தான், சமையலறையும் வேன்தான், படுக்கையும் வேன்தான். கல்யாணம் என்னோடு, குடித்தனம் வேனோடு என்று மனைவி கேலி செய்வாள்.

வீடு இரண்டு நாள் ஓட்டும் தூரத்தில், கடல் என்றால் படத்தில் மட்டும் பார்க்கிற ஊரில் இருந்தது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை நீளும் நாட்களில், பள்ளி விட்டு வந்த மகள் அவள் வரும்வரை தனியாக இருக்க வேண்டியிருந்தது. ஒன்பது வயதுப் பெண். அந்த நேரம் முழுவதும் அப்பா போனில் இருப்பார் என்பது ஏற்பாடு. வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டி, கடலோரமாக நடந்துகொண்டே அவளோடு பேசுவான். சிக்னல் போகும் இடம் வந்தால் திரும்பிவிடுவான். ஒருநாளும் தவறியதில்லை.

இன்றும் வளைவுக்கு வந்ததும், திரும்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் அவள், வகுப்பில் ஒருத்தி ரப்பரைக் கடித்துத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். குரல் கரகரக்கவில்லை, விட்டுவிட்டுக் கேட்கவில்லை, சொல்லப்போனால் முன்பைவிடத் தெளிவாக, தோளில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. மதியம் தப்பாக அளந்து தொலைத்துவிட்டோமே என்று அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. எதுவரைதான் கிடைக்கிறது, பார்த்துவிடுவோம் என்ற தொழில்புத்தி வேறு. நடந்தான்.

பாதை கீழே இறங்கியது. வெயில் போய்விட்டிருந்தாலும் பாறைகள் பகல் சூட்டை விட்டபாடில்லை. கரையில் ஒதுங்கி அழுகிய பாசியின் நாற்றம் அந்தச் சூட்டோடு சேர்ந்து தொண்டைக்குள் இறங்க, கீழே எங்கோ பாறைப் பிளவுக்குள் புகுந்த தண்ணீர் வெளியே வர வழி தெரியாமல் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. மகளுக்குப் பின்னால் எப்போதும் ஓடும் டிவி சத்தத்தைக் காணோம். மின்விசிறிச் சத்தமும் இல்லை. அணைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

"அப்பா, நீங்க வீட்டுக்கு வந்தா வெளியே நின்னு என்ன சொல்லுவீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவர்கள் வீட்டில் பூனை கிடையாது. அதனால், பூனைக்குப் பால் கொண்டுவந்திருக்கேன் என்று சொல்பவருக்குத்தான் கதவு திறக்கும். மற்றபடி சொந்த மாமாவே வந்து நின்றாலும் தாழ்ப்பாளில் கை வைக்கக் கூடாது. அவளே போட்ட சட்டம்.

"உனக்குத் தெரியாதா குட்டி?"

"தெரியும். நீங்க சொல்லுங்க."

"பூனைக்குப் பால் கொண்டுவந்திருக்கேன்."

அவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். மெதுவாக. மறுபடியும் சொன்னாள், இன்னும் மெதுவாக. அடுத்த முறை குரல் தடித்திருந்தது. அதற்கடுத்த முறை அது ஓர் ஆணின் குரல். அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல். அவனுடையது.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. அழைப்பும் இல்லை. வளைவிலேயே கட் ஆகியிருந்தது.

காதில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். ஓடினான். மேட்டில் கால் சறுக்கியது. முழங்கால் கிழிந்தது. எழுந்து ஓடினான். பயந்தது தனக்காக இல்லை. அந்தத் தாழ்ப்பாளை நினைத்து.

வளைவு. சிக்னல். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த அழைப்புகளெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன. அவள் எண்ணை அழுத்தினான். உடனே எடுத்தாள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இது அவள்தான்.

"அப்பா, வாசல்ல நின்னுக்கிட்டு எதுக்குப் போன் பண்றீங்க?"

"திறக்காத குட்டி. நான் சொல்றதக் கேளு. நான் கடற்கரையில இருக்கேன். வெளியில இருக்கறது நான் இல்ல."

"பூனைக்குப் பால்னு சரியாத்தானே சொன்னீங்க?"

கதவு தட்டும் சத்தம் போனில் கேட்டது. அவசரமில்லாமல், வீட்டு ஆள் தட்டுவதுபோல. பிறகு கதவுக்கு வெளியிலிருந்து அவனுடைய குரல். அவனுடைய மூச்சிரைப்பு. அவனுடைய பதற்றம்.

"போனை வச்சிடு குட்டி. அதுல பேசறது நான் இல்ல."

அவள் யோசிக்கிறாள். யோசித்தால் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள், இப்போதும் அப்படித்தான் நிற்பாள். குட்டி என்றான். அங்கே வெளியிலிருந்தும் அதே நொடியில் குட்டி என்றது. அவனுக்கு அழுகை வந்தது. அங்கேயும் அழுதது.

"நீங்க யாரு?" என்று கேட்டாள். போனில். அவனிடம்.

போனை எதன் மேலோ வைத்தாள். சின்னக் காலடிகள். நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். தாழ்ப்பாள்.

அவன் கத்தினான். பெயர் சொல்லிக் கத்தினான்.

டிவி நின்றது. பிறகு போனுக்குள் அலைச் சத்தம். கடலைப் பார்த்திராத ஊரில், அந்தச் சின்ன ஹாலுக்குள், அலை வந்து சுவரில் மோதித் திரும்பியது. மறுபடி வந்தது. ஏதோ ஒரு நாற்காலி மிதந்து இடித்தது.

அவன் காலடியில், பாறைகளுக்குக் கீழே, கடல் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றிருந்தது.